இடது பெடல்

மகள் விட்டுப்போன சைக்கிள்.
பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்தது.
முன்கூடையில் ஒட்டியிருந்த படத்தை
பாதி வெயில் தின்றுவிட்டது, மீதி மழை.
யார் முகமென்று இப்போது சொல்ல முடியாது.
கோகிலவாணி திருச்சி விடுதியில்.
நான் இதில்தான் தினமும்
தாதகாப்பட்டியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு,
ஜவ்வரிசி மண்டியில் கணக்கெழுத.

மூன்று வாரமாக இடது பெடலில்
சுற்றுக்கு ஒரு டொக்.
கடைக்காரர் ஜமால், நான் வாயைத் திறக்கும் முன்பே
"விட்டுட்டுப் போங்கக்கா, நாளைக்கு வாங்க" என்பார்.
அவருடைய நாளை போன மாதம்
ஒரு வியாழனில் தொடங்கி அடுத்த புதனில் முடிந்தது.
ஆறு நாள் நடந்தேன்.

புதுப் பெடல் ஒரு ஜோடி வாங்கினேன்.
ஸ்பேனர் கேட்டால்
"எத்தனாம் நம்பர்?" என்கிறான் கடைப்பையன்.
செருப்புக்கு நம்பர் தெரியும், வளையலுக்குத் தெரியும்.
"பெடலுக்கு" என்றேன், ஏதோ சாமி பேர் சொல்வதுபோல.
பதினைந்தை நாளிதழில் சுற்றித் தந்தான்.
மூன்று நாள் அது என் பையிலேயே கிடந்தது
எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில்.

பயம் வேறொன்றுமில்லை.
நான் திறந்தது எதுவும் திரும்ப மூடியதில்லை.
பழைய மிக்சி இன்னும் பரணில்
மஞ்சப்பைக்குள் பதினேழு துண்டாக இருக்கிறது.

ஞாயிறு. வாசலில் கோணிச்சாக்கு விரித்து
சைக்கிளைக் கவிழ்த்தேன்.
சக்கரம் இரண்டும் மேலே,
ஊசி போடப் பிடித்துக் கிடத்திய ஆடு மாதிரி
அது என்னைப் பார்த்தது. நான் அதை.

இடப்பக்கம் திருகினால் திறக்கும்.
குழாயில் கற்றது, ஊறுகாய் ஜாடியில் கற்றது,
நாற்பத்தொரு வயது வரை பொய்க்காதது.
திருகினேன். அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டேன்.
சுத்தியால் தட்டினேன், முதலில் மெதுவாக.
உள்ளங்கையில் தோல் கிளம்பியது.
மாடியில் துணி உலர்த்திக்கொண்டே லூர்து சொன்னான்
"பலம் பத்தாதுக்கா."

அவனுக்குப் பதிலாக
ஸ்பேனரை எதிர்ப்பக்கம் மாட்டி
ஒடிந்தால் ஒடியட்டும் என்று ஓங்கி அழுத்தினேன்.

க்ரீச்.

பிறகு தண்ணீர் மாதிரி வந்தது, வெறும் விரலால்.
அப்படியானால் இந்த முக்கால் மணி நேரமும்
நான் அதை
இறுக்கிக்கொண்டிருந்தேன்.

புதுப் பெடலின் மரையைக் கண்ணருகே பிடித்தேன்.
வலதுக்கும் இடதுக்கும் சரிவு நேர்மாறு.
மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடக்கூடாதென்று
இதற்கு மட்டும் வழியைத் திருப்பியிருக்கிறார்கள்.
எங்கேயோ, எந்தக் காலத்திலோ, ஒருவர்
என் இடது காலை யோசித்திருக்கிறார்.
கொஞ்ச நேரம் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.
லூர்து "என்னாச்சுக்கா?" என்றான்.
"ஒண்ணுமில்லை, துணியைப் பாரு."

ராத்திரி மகளிடம் சொன்னேன், கொஞ்சம் கூட்டித்தான்.
"சைக்கிள் இன்னும் என்னுதுதானே?" என்று கேட்டாள்.

எல்லாம் மாட்டியபின் சாக்கில் ஒரு வாஷர் மிச்சம்.
எங்கேயிருந்து விழுந்ததென்று
மண்டியிட்டுத் தேடினேன்.
எல்லா இடமும் நிறைந்தே இருந்தது.

திங்கள். பிரபாத் சிக்னல் வரை ஒரு டொக் இல்லை.
அது இல்லாததைக் காது கூர்ந்து கேட்டுக்கொண்டே போனேன்,
ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்தபடி.
முதல்நாள் மழையில் கழுவி
வடக்கே சேர்வராயன் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.
அதன் வளைவுகளுக்கெல்லாம் என் பிரேக் தாங்காது.
பிரேக் அடுத்த ஞாயிறு.

டீக்கடையில் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
மாஸ்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.
"இது செல்லாதுக்கா."
தெரியும் என்று வாங்கி
பர்சில் தனியறையில் போட்டேன்.